ஒப்பந்தம் போடாத சண்டை: காலம் தாண்டிய குத்துச்சண்டைக் கணிப்பில் சறுக்கும் இடங்கள்

ஹெவிவெயிட் என்ற மிகக் கனமான எடைப் பிரிவில் வெவ்வேறு காலத்தில் கலக்கிய முகமது அலியும் மைக் டைசனும் மோதினால் யார் ஜெயிப்பார்? குத்துச்சண்டை பார்க்கிற நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வராமல் போகாது. பதில் சொல்ல இரண்டு விநாடி போதும், வாதம் ஓய இரண்டு மணி நேரம் ஆகும். நானும் அந்த வாதங்களில் தொண்டை கிழியக் கத்தியவன்தான். பல வருஷம் கத்திய பிறகுதான் ஒன்று உறைத்தது. எந்தச் சண்டையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையே நாங்கள் யாரும் முடிவு செய்திருக்கவில்லை.

நிஜச் சண்டை என்றால் முதலில் ஒப்பந்தம் போடுவார்கள். என்ன தேதி, என்ன எடை, எத்தனை ரவுண்டு, கையுறை எத்தனை அவுன்ஸ், ரிங் எத்தனை அடி, நடுவர் யார் என்று ஒவ்வொன்றுக்கும் இழுபறி நடக்கும். ரிங்கின் நீள அகலத்துக்காகக்கூட மல்லுக்கட்டுவார்கள், ஏனென்றால் அது யாருக்குச் சாதகம் என்பது இரு தரப்புக்கும் தெரியும். கற்பனைச் சண்டைக்கு மட்டும் இதெல்லாம் தேவையில்லை என்று விட்டுவிடுகிறோம். கணிப்புகளில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

எந்த அலி?

1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றாவது ரவுண்டில் முடித்த அலிக்கு வயது 24. கால் தரையில் படுகிறதா என்று சந்தேகம் வரும், அப்படி ஒரு வேகம். ராணுவத்தில் சேர மறுத்ததால் 1967-இல் பட்டம் பறிபோய், மூன்றரை ஆண்டு ரிங்குக்கு வெளியே இருந்து, 1970-இல் திரும்பி வந்தவர் வேறு ஆள். கால் வேகம் குறைந்திருந்தது. ஆனால் அவரால் எவ்வளவு அடி தாங்க முடியும் என்பது அதற்குப் பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 1974-இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து நின்று ஜார்ஜ் ஃபோர்மனை அடிக்கவிட்டு, அவர் களைத்ததும் எட்டாவது ரவுண்டில் கவிழ்த்தது இந்த இரண்டாவது அலி.

வாதத்தில் நாம் இறக்கிவிடுவது 1966-இன் கால்களையும் 1974-இன் அடி தாங்கும் தாடையையும் சேர்த்துத் தைத்த ஒரு மனிதரை. அப்படி ஒருவர் எந்தத் தேதியிலும் இருந்ததில்லை.

டைசனுக்கும் தேதி வேண்டும். 1988 ஜூன் 27 அன்று மைக்கேல் ஸ்பிங்ஸை 91 விநாடியில் சாய்த்தவரா, 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் பத்தாவது ரவுண்டில் விழுந்து பல் காப்பைத் தரையில் தேடியவரா? அலி ரசிகர் இரண்டாமவரைத்தான் எதிரில் நிறுத்துவார். டைசன் ரசிகர் பதிலுக்கு, "டைசன் ஹோம்ஸையே நாலு ரவுண்டில் முடித்தார், அந்த ஹோம்ஸிடம் அலி தோற்றார்" என்பார். 1988 ஜனவரியில் டைசனிடம் விழுந்த லாரி ஹோம்ஸுக்கு வயது 38, ஏறக்குறைய இரண்டு ஆண்டு சண்டையே போடாதவர். 1980-இல் ஹோம்ஸிடம் தோற்ற அலிக்கும் வயது 38. இரண்டையும் கோத்தால் கிடைப்பது 38 வயதைப் பற்றிய தகவல், அவ்வளவுதான்.

பதின்மூன்றாவது ரவுண்டு

ஒப்பந்தத்தில் நாம் அதிகம் மறக்கும் வரி ரவுண்டு எண்ணிக்கை. இன்று பட்டச் சண்டை 12 ரவுண்டு. முன்பு 15. 1982 நவம்பரில் ரே மன்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ காயத்தால் இறந்த பிறகு உலக அமைப்புகள் ஒவ்வொன்றாக 12-க்கு மாறின. மூன்று ரவுண்டுதானே குறைந்தது என்று தோன்றும். பழைய முடிவுகளை எடுத்துப் பாருங்கள்.

1941 ஜூன்: ஜோ லூயிஸ், பில்லி கான். கான் எடையில் ரொம்பச் சின்னவர். 12 ரவுண்டு முடிந்தபோது இரண்டு நடுவர்களின் புள்ளித் தாள்களில் கான் முன்னிலை, மூன்றாவதில் சமம். பதின்மூன்றாவதில் நாக் அவுட் செய்யப் பாய்ந்து, தானே நாக் அவுட் ஆனார். 1952 செப்டம்பர்: ஜெர்ஸி ஜோ வால்காட், ராக்கி மார்சியானோ. 12 ரவுண்டு முடிவில் மூன்று தாள்களிலும் மார்சியானோ பின்தங்கி இருந்தார். பதின்மூன்றாவதில் ஒரே ஒரு வலது கை, பட்டம் கை மாறியது. 1981 செப்டம்பர்: சுகர் ரே லெனார்ட், தாமஸ் ஹெர்ன்ஸ். மூன்று தாள்களிலும் ஹெர்ன்ஸ் முன்னால். பதினாலாவதில் நடுவர் சண்டையை நிறுத்தி லெனார்ட் கையைத் தூக்கினார்.

இன்றைய விதியில் மூன்று முடிவும் தலைகீழ். மார்சியானோவின் 49-0 (49 வெற்றி, தோல்வியே இல்லை) என்ற புகழ்பெற்ற எண்ணில் ஒரு தோல்வி விழுந்திருக்கும். ஆனால் இதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 12-தான் என்று தெரிந்திருந்தால் மார்சியானோ பதினொன்றிலேயே பாய்ந்திருப்பார், கானும் அவசரப்பட்டிருக்க மாட்டார். மூச்சைச் சேமித்து வைப்பதும் செலவழிப்பதும் கடைசி மணி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் 15 ரவுண்டு வீரரை 12-க்குக் கொண்டுவரும்போது கடைசி மூன்றை வெட்டினால் போதாது, முதல் ரவுண்டிலிருந்தே அவர் வேறு மாதிரி சண்டை போடுவார்.

விதி மாறினால் அதே மனிதர் வேறு வீரர் ஆகிவிடுவதற்கு ஜாக் டெம்ப்ஸியைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1919-இல் டொலிடோவில் தன்னைவிட எவ்வளவோ பெரிய ஜெஸ் வில்லர்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை தரையில் போட்டார். விழுந்தவர் எழும்வரை பக்கத்திலேயே நின்று, எழுந்ததும் அடிக்கலாம், அன்று தடை இல்லை. 1927-இல் சிகாகோவில் ஜீன் டன்னியை ஏழாவது ரவுண்டில் வீழ்த்தியபோது தூரத்துப் பொது மூலைக்குப் போனால்தான் எண்ணுவோம் என்று விதி இருந்தது. டெம்ப்ஸி பழக்க தோஷத்தில் நின்றுவிட்டார். எண்ணிக்கை தாமதமாகத் தொடங்கியது, டன்னி ஒன்பதில் எழுந்தார், புள்ளிகளில் ஜெயித்தார். ஆகவே இன்றைய வீரர் ஒருவருக்கு எதிராக டெம்ப்ஸியை நிறுத்துகிறவர் எந்த ஆண்டின் விதி என்று முதலில் சொல்லட்டும்.

நடுவர் விஷயமும் இப்படித்தான். 1974 ஜனவரியில் ஜோ ஃப்ரேஸியருடன் நடந்த இரண்டாவது சண்டையில் அலி அவர் பிடரியைப் பிடித்துக் கீழே அழுத்திக்கொண்டே இருந்தார். நடுவர் பெரும்பாலும் விட்டுவிட்டார், ஃப்ரேஸியர் தரப்பு கொதித்தது. குனிந்து உள்ளே நுழையும் டைசனுக்கு எதிராக அலி முதலில் எடுக்கப்போகும் ஆயுதம் இதுதான். இதற்குப் புள்ளி வெட்டுகிற நடுவரா, கண்டுகொள்ளாதவரா என்று நான் பார்த்த வாதங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

ஐந்து நிமிட வீடியோ

நான் சொந்தமாகச் சறுக்கிய இடம் இது. டைசனின் தொகுப்பு வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, இந்த ஆளிடம் யாருமே நிற்க முடியாது என்று ஒரு ராத்திரி முழுக்க வாதாடினேன். அப்புறம்தான் முழுச் சண்டைகளை உட்கார்ந்து பார்த்தேன். 1986-இல் ஜேம்ஸ் டில்லிஸ் நகர்ந்துகொண்டே பத்து ரவுண்டும் நின்றார். அதே மாதம் மிட்ச் கிரீனும் பத்து ரவுண்டு நின்றார். 1987-இல் ஜேம்ஸ் ஸ்மித் கட்டிப்பிடித்தே பன்னிரண்டையும் ஓட்டினார், பார்க்கவே அலுப்பு. டோனி டக்கரும் கடைசி மணி வரை இருந்தார். டைசன் நான்கையும் ஜெயித்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஓடுகிறவரையும் பிடித்துக்கொள்கிறவரையும் முடிக்க அவர் சிரமப்பட்டார் என்ற தகவல் அந்த அலுப்பான சண்டைகளில்தான் இருக்கிறது. அலியோ ஓடுவதிலும் பிடிப்பதிலும் கைதேர்ந்தவர்.

அலி ரசிகர்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம் உண்டு. 1962-இல் சானி பேங்க்ஸ், 1963-இல் ஹென்றி கூப்பர், 1971-இல் பதினைந்தாவது ரவுண்டில் ஃப்ரேஸியர், மூவரும் அலியைத் தரையில் போட்டார்கள். மூன்றுமே இடது ஹூக், அதாவது முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் இடது கைக் குத்து. கையைத் தாழ்த்தி வைத்து, தலையைப் பின்னால் இழுத்துத் தப்பிக்கும் பழக்கத்துக்கு அதுதான் விலை. டைசனின் சிறந்த அடிகளில் ஒன்றும் இடது ஹூக்.

இன்னும் பழைய படங்களில் வேறொரு ஏமாற்று. ஊமைப்படக் காலத்தில் கையால் சுழற்றிக் குறைந்த வேகத்தில் எடுத்ததைப் பின்னாளில் கூடுதல் வேகத்தில் ஓட்டினால் ஆட்கள் பொம்மை மாதிரி வெடுக்வெடுக்கென்று துள்ளுவார்கள். அதைப் பார்த்து, இவர்களுக்குச் சண்டையே தெரியவில்லை என்று சிரிக்கிறவர்கள் கேமராவைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள்.

அவரை இவர், இவரை அவர்

1971-இல் ஃப்ரேஸியர் அலியை வென்றார். 1973-இல் ஃபோர்மன் ஃப்ரேஸியரை ஆறு முறை வீழ்த்தி இரண்டு ரவுண்டில் முடித்தார். அலியின் தாடையை உடைத்து வென்ற கென் நார்ட்டனையும் 1974-இல் இரண்டு ரவுண்டில் முடித்தார். கணக்குப் போட்டால் ஃபோர்மனிடம் அலி ஒரு ரவுண்டு தாங்கக் கூடாது. கின்ஷாசாவில் நடந்தது தெரிந்ததே.

கணக்கு ஏன் பொய்த்தது? ஃப்ரேஸியர் குனிந்து நேராக முன்னால் வருகிறவர், ஃபோர்மன் கீழிருந்து மேலே வீசும் அப்பர்கட்டுக்கு அதைவிட வசதியான இலக்கு இல்லை. அலி நேராக வரவில்லை. ஒருவரின் பலம் எதிராளியின் எந்தப் பழக்கத்தைத் தொடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கண்ணோடு பார்த்தால், டைசன்-ஃபோர்மன் என்ற கற்பனைச் சண்டையில் டைசனுக்காக எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

உருவம் பற்றிச் சுருக்கமாக. பட்டம் வென்றபோது மார்சியானோ சுமார் 84 கிலோ. இன்று அது ஹெவிவெயிட்டே இல்லை, 90.7 கிலோவுக்கு உட்பட்ட குரூஸர்வெயிட். அந்தப் பிரிவே அவர் ஓய்வு பெற்று இருபது ஆண்டுக்கு மேல் கழித்துத்தான் வந்தது. அதனால் பழையவர்கள் எல்லாரும் இன்றைய பெரியவர்களிடம் நசுங்கிப்போவார்கள் என்றால், 2024 டிசம்பரைப் பாருங்கள்: சுமார் 102 கிலோ எடையுள்ள உக்ரைன் வீரர் ஒலெக்ஸாண்டர் உசிக், 127 கிலோ எடையுள்ள பிரிட்டன் வீரர் டைசன் ஃபியூரியைப் புள்ளிகளில் வென்றார், அதே ஆண்டில் இரண்டாவது முறையாக. இருந்தாலும் 84-க்கும் 102-க்கும் இடையில் 18 கிலோ இருக்கிறது, அதை மறைக்க முடியாது.

தோல்வியே இல்லாத எண்களில் மயங்குவது இன்னொரு பழைய வியாதி. ஃபிளாய்ட் மேவெதர் 50-0, சுகர் ரே ராபின்சனுக்கோ 19 தோல்வி, ஆகவே மேவெதர் என்பார்கள். 1943 பிப்ரவரியில் ராபின்சன் என்ன செய்தார் தெரியுமா? 5-ஆம் தேதி டெட்ராய்ட்டில் தன்னைவிடக் கனமான ஜேக் லமோட்டாவிடம் தோற்றார், அவருடைய முதல் தோல்வி. 19-ஆம் தேதி நியூயார்க்கில் ஜாக்கி வில்சனை வென்றார். 26-ஆம் தேதி திரும்ப டெட்ராய்ட் போய் லமோட்டாவையும் வென்றார். ஒரே மாதத்தில் மூன்று சண்டை. பிற்காலத்தில் மேவெதர் ஒரு சண்டைக்கு மாதக்கணக்கில் தயாரானார். இந்த இரண்டு எண்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கம்ப்யூட்டர் சொன்னது

சரி, உணர்ச்சி வேண்டாம், இயந்திரம் சொல்லட்டும் என்றால் அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 1969-இல் தடையில் இருந்த 27 வயது அலியும், ஓய்வு பெற்று பதிமூன்று ஆண்டு ஆன 45 வயது மார்சியானோவும் மியாமியில் ஒரு ஸ்டுடியோ ரிங்கில் கேமரா முன் மோதினார்கள். மார்சியானோ எடையைக் குறைத்து, தலையில் டோப்பா வைத்துக்கொண்டு வந்தார். பல முடிவுகளைப் படம் பிடித்து வைத்து, கம்ப்யூட்டர் கணித்ததாகச் சொல்லி 1970 ஜனவரியில் திரையிட்டார்கள். அமெரிக்கத் திரையரங்குகளில் பதின்மூன்றாவது ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட் வெற்றி. ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி ஜெயித்தார். முடிவைப் பார்க்க மார்சியானோ இல்லை, 1969 ஆகஸ்ட் 31 அன்று விமான விபத்தில் இறந்துவிட்டார். அந்தக் கம்ப்யூட்டருக்குள் யாரோ ஒருவர் போட்ட மதிப்பெண்கள்தான் இருந்தன: இவர் ஜாப்புக்கு (முன் கையால் நேராக விடும் வேகக் குத்து) இவ்வளவு, அவர் தாடைக்கு இவ்வளவு என்று. இன்றைக்கு வீடியோ கேமில் விளையாடிப் பார்த்து முடிவு சொல்கிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள்.

இவ்வளவு பேசிவிட்டு என் கணிப்பைச் சொல்லாமல் நழுவினால் அடிக்க வருவீர்கள். என் ஒப்பந்தம் இது: 1966 நவம்பர் அலி, 1988 ஜூன் டைசன். எடை அலி சுமார் 96.5 கிலோ, டைசன் 99. ஆமாம், குட்டையான டைசன்தான் கனம். அலி ஹூஸ்டனில் ஆடிய அன்று டைசன் நாலு மாதக் கைக்குழந்தை. 12 ரவுண்டு, 10 அவுன்ஸ் கையுறை, இன்றைய புள்ளி முறை. பத்து முறை நடந்தால் ஆறில் அலி, ஆறும் புள்ளிகளில் அல்லது பத்தாவது ரவுண்டுக்கு மேல். டைசன் ஜெயிக்கும் நான்கில் மூன்று முதல் நான்கு ரவுண்டுக்குள், இடது ஹூக்கில். 15 ரவுண்டு ஆக்கினால் அலிக்கு ஏழு தருவேன். பிடரியைப் பிடித்ததும் புள்ளி வெட்டுகிற நடுவர் என்றால் ஐந்துக்கு ஐந்து.