குதிகால் திரும்பும் இடம்: முதல் சாக்ஸ் பின்னுவோருக்கு

சென்னையில் இருந்துகொண்டு உல்லன் சாக்ஸ் பின்னுகிறேன் என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். அலுவலகத்தில் சிரித்தார்கள், வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள். அக்கா மகளுக்கு இரண்டரை வயது, எடின்பரோவில் இருக்கிறாள். போன டிசம்பரில் வீடியோ காலில் அவள் காலைப் பார்த்தேன். கடையில் வாங்கிய சாக்ஸ் குதிகாலை விட்டுக் கழன்று பாதி காலில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று ஆரம்பித்தது இது. நான்கு ஜோடி முடித்துவிட்டேன். முதல் ஜோடியில் பட்ட பாட்டை எழுதிவைத்தால் இன்னொருவருக்கு உதவும்.

நிட், பர்ல் இரண்டும் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். தெரியாதவர்கள் முதலில் ஒரு மஃப்ளரோ கைக்குட்டை அளவில் ஒரு துண்டோ பின்னிவிட்டு வாருங்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தது குன்னூரில் இருக்கும் பெரியம்மா. கான்வென்ட்டில் படித்தபோது தையல் வகுப்பில் கற்றதாம். அவருக்கு ஸ்வெட்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வரும்.

இன்னொன்று. முதல் சாக்ஸைப் பெரியவர்களுக்குப் பின்னாதீர்கள். மெல்லிய நூலில் 64 கண்ணி போட்டுச் சுற்றிச் சுற்றி வந்தால் குதிகாலுக்கு வரும் முன்பே ஆர்வம் போய்விடும். சின்னக் குழந்தைக்கு 32 கண்ணி போதும். இரண்டு மூன்று சாயங்காலங்களில் ஒன்று முடியும். எல்லா நுணுக்கமும் இதிலேயே வந்துவிடும்.

என்ன வாங்குவது

நூல்: நடுத்தரக் கனம், லேபிளில் டிகே என்று போட்டிருக்கும். 50 கிராம் உருண்டை ஒன்று இந்த அளவில் ஒரு ஜோடிக்குப் போதும். கம்பளியோடு கொஞ்சம் நைலான் கலந்தது கிடைத்தால் அதுதான் சாக்ஸுக்கு நல்லது, குதிகால் சீக்கிரம் தேயாது. பழகுவதற்கு மட்டும் என்றால் அக்ரிலிக் போதும். பருத்தி நூல் வேண்டாம். நம் ஊர் வெயிலுக்குப் பருத்திதானே என்று தோன்றும். ஆனால் பருத்திக்கு இழுத்தால் திரும்பிச் சுருங்கும் குணம் குறைவு, சாயங்காலத்துக்குள் சாக்ஸ் கணுக்காலில் வந்து உட்கார்ந்துவிடும்.

ஊசி: இரண்டு பக்கமும் முனை உள்ள ஊசிகள், ஐந்து கொண்ட செட், 3.25 மில்லிமீட்டர். எல்லோரும் மூங்கில் ஊசியைச் சிபாரிசு செய்வார்கள், கண்ணி வழுக்காது என்று. சென்னைப் புழுக்கத்தில் வியர்த்த கையோடு மூங்கிலில் பின்னிப் பாருங்கள், ஒவ்வொரு கண்ணியையும் தள்ளித் தள்ளி நகர்த்த வேண்டும். என் ஓட்டு உலோகத்துக்குத்தான். பின்னும் இடத்தில் ஃபேன் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

ஊசி நம்பரில் நான் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கையில் இருந்தது ஓர் அமெரிக்கச் செய்முறை. 'நம்பர் 3 ஊசி' என்று இருந்தது. பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் போய் நம்பர் 3 கேட்டேன், கொடுத்தார்கள். விரல் தடிமனுக்கு இருந்தது. சாக்ஸுக்கு இவ்வளவு பெரிதா என்று அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். பின்னி முடித்தால் வெங்காயம் போட்டு வைக்கும் வலைப்பை. அமெரிக்க எண்ணில் 3 என்றால் 3.25 மில்லிமீட்டர். நம் கடைகளில் இன்னும் புழங்கும் பழைய பிரிட்டிஷ் எண்ணில் 3 என்றால் 6.5. பிரிட்டிஷ் கணக்கில் எண் கூடக்கூட ஊசி மெலியும், அமெரிக்கக் கணக்கில் அப்படியே தலைகீழ். நமக்கு வேண்டியது பிரிட்டிஷ் 10. எண்ணை விடுங்கள், கடையில் மில்லிமீட்டரில் கேளுங்கள்.

மேல்பகுதி

32 கண்ணி போடுங்கள், கொஞ்சம் தளர்வாக. இறுக்கிப் போட்டால் குதிகால் உள்ளே நுழையாது. நான்கு ஊசிக்கு எட்டெட்டாகப் பிரித்து, முறுக்கிக்கொள்ளாமல் வட்டமாக இணைத்து, ஐந்தாவது ஊசியால் பின்னத் தொடங்குங்கள். 2 நிட், 2 பர்ல் என்று 10 சுற்று. அப்புறம் வெறும் நிட், 16 சுற்று. இதில் சொல்ல ஒன்றுமில்லை, ஏதாவது கேட்டுக்கொண்டே பின்னலாம்.

குதிகால் பட்டை

சுற்றின் தொடக்கத்தில் உள்ள முதல் இரண்டு ஊசிகளின் 16 கண்ணிகளை ஒரே ஊசிக்கு மாற்றிக்கொண்டே பின்னுங்கள். மீதி 16 சும்மா காத்திருக்கும். இனி வட்டம் இல்லை, போய்த் திரும்பி வருவதுதான்.

நல்ல பக்கத்தில்: ஒரு கண்ணியைப் பின்னாமல் நகர்த்து, அடுத்ததை நிட். இப்படியே வரிசை முழுவதும். 
உள்பக்கத்தில்: முதல் கண்ணியை நகர்த்து, மற்றதெல்லாம் பர்ல்.

மொத்தம் 16 வரிசை. முடித்தால் பட்டையின் இரண்டு ஓரத்திலும் எட்டெட்டு பெரிய சங்கிலிக் கண்ணிகள் தெரியும். எண்ணிப் பாருங்கள், பிறகு வேலைக்கு ஆகும்.

குதிகால் திரும்பும் இடம்

இங்கேதான் நான் நான்கு தடவை பிரித்தேன்.

முதல் வரிசை இப்படி: ஒன்றை நகர்த்து, 9 நிட், ஒரு எஸ்எஸ்கே, 1 நிட், திருப்பு. எஸ்எஸ்கே என்பது இரண்டு கண்ணியை நிட் போலத் தனித்தனியாக நகர்த்தி, அப்படியே இடது ஊசிக்குத் திருப்பிக் கொடுத்து, பின்புறம் வழியாக இரண்டையும் சேர்த்து ஒன்றாகப் பின்னுவது. சரி, பின்னினேன். பார்த்தால் இடது ஊசியில் மூன்று கண்ணி மிச்சம். 'திருப்பு' என்கிறது செய்முறை. வரிசை முடியாமல் எப்படித் திருப்புவது? எங்கோ எண்ணிக்கை தப்பிவிட்டது என்று பிரித்தேன். மறுபடியும் மூன்று மிச்சம். மறுபடியும் பிரித்தேன். நான்காவது தடவை நூலே பஞ்சு பஞ்சாகிவிட்டது.

இரவு பத்து மணிக்குப் பெரியம்மாவைக் கூப்பிட்டேன். "மூணு மிச்சம் நிக்குது பெரியம்மா." 

"நிக்கட்டும்டா. அந்த மிச்சம்தான் குதிகாலே."

அவர் சொன்ன விளக்கம் இதுவரை நான் படித்த எதையும்விடத் தெளிவு. தொன்னை தைப்பதைப் பார்த்திருப்பீர்கள். இலை தட்டையாகத்தான் இருக்கிறது. ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து மடித்தால் நடுப்பகுதி குழிந்து கிண்ணமாகிறது. இங்கேயும் அதே வேலை. நடுவில் சில கண்ணிகளை மட்டும் போய் வந்து பின்னுகிறோம், ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் காத்திருப்பதில் ஒன்றைப் பிடித்து இழுத்துச் சேர்க்கிறோம். நடுப்பகுதி வளர்கிறது, ஓரம் வளர்வதில்லை, அதனால் குழிகிறது.

ஆகவே நம்பித் திருப்புங்கள். முழுக் கணக்கு:

1: ஒன்றை நகர்த்து, 9 நிட், எஸ்எஸ்கே, 1 நிட், திருப்பு. (3 மிச்சம்) 
2: ஒன்றை நகர்த்து, 5 பர்ல், இரண்டைச் சேர்த்து பர்ல், 1 பர்ல், திருப்பு. (இந்தப் பக்கமும் 3 மிச்சம்) 
3: ஒன்றை நகர்த்து, 6 நிட், எஸ்எஸ்கே, 1 நிட், திருப்பு. 
4: ஒன்றை நகர்த்து, 7 பர்ல், இரண்டைச் சேர்த்து பர்ல், 1 பர்ல், திருப்பு. 
5: ஒன்றை நகர்த்து, 8 நிட், எஸ்எஸ்கே, திருப்பு. 
6: ஒன்றை நகர்த்து, 8 பர்ல், இரண்டைச் சேர்த்து பர்ல், திருப்பு.

இப்போது ஊசியில் 10 கண்ணி இருக்கும். உண்மையில் இரண்டாம் வரிசைக்கு அப்புறம் எண்ணவே தேவையில்லை. ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். திரும்பிய இடத்தில், பால்பல் விழுந்த குழந்தையின் வாய் மாதிரி, கண்ணிகளுக்கு நடுவில் ஒரு சந்து தெரியும். சந்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டையும் சேர்த்துப் பின்னினால் சந்து மூடிக்கொள்ளும். எத்தனை கண்ணி சாக்ஸானாலும் விதி இதுதான். பிற்பாடு 64 கண்ணியில் பெரியவர் சாக்ஸ் பின்னும்போது குதிகாலுக்கு 32 இருக்கும், அங்கே முதல் வரிசை மட்டும் 'ஒன்றை நகர்த்து, 17 நிட்' என்று தொடங்கும், கடைசியில் 18 கண்ணி நிற்கும். இரண்டாம் வரிசை இதே 5 பர்ல்தான்.

ஆறாவது வரிசை முடிந்ததும் கட்டைவிரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். கிண்ணம் மாதிரி உட்கார்ந்தது. மணி பதினொன்றரை. காட்டுவதற்கு விழித்திருந்த ஆள் யாரும் இல்லை.

பக்கவாட்டில் கண்ணி எடுப்பது

நல்ல பக்கம் பார்த்து அந்தப் பத்தையும் நிட் செய்யுங்கள். பட்டையின் ஓரச் சங்கிலியில் எட்டுக் கண்ணி எடுங்கள், சங்கிலியின் இரண்டு இழைக்கும் அடியில் ஊசியை விட்டு. காத்திருக்கும் 16 கண்ணி தொடங்குவதற்கு முன்னால் மூலையில் இன்னொன்று எடுங்கள். இந்த ஒன்பதாவதை எடுக்காவிட்டால் அங்கே ஓட்டை விழும். காத்திருந்த 16ஐ நிட் செய்து, மறு ஓரத்திலும் அதேபோல மூலைக்கு ஒன்று, பட்டைக்கு எட்டு. குதிகாலின் பத்தில் ஐந்தை மட்டும் பின்னி நிறுத்துங்கள். சுற்றின் தொடக்கம் இனி உள்ளங்காலின் நடுவில். மொத்தம் 44 கண்ணி, 14, 16, 14 என்று.

இதை 32க்குக் குறைக்க வேண்டும். முதல் 14இல் கடைசி மூன்று வரை நிட், இரண்டைச் சேர்த்து நிட், 1 நிட். மேல்பாதத்தின் 16 அப்படியே. கடைசி 14இல் 1 நிட், எஸ்எஸ்கே, மீதி நிட். அடுத்த சுற்று குறைக்காமல் நிட். இப்படி ஆறு தடவை.

பாதமும் விரலும்

பாதத்தின் நீளத்தில் 3 சென்டிமீட்டர் குறையும் வரை வெறும் நிட். குதிகாலின் பின்பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். அக்காவிடம் அளவு கேட்டேன், 'சின்னதா இருக்கும்' என்று பதில் வந்தது. பேப்பரில் காலை வைத்து வரைந்து, பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

விரல் பகுதிக்கு, உள்ளங்கால் ஊசிகளில் முன்போலவே குறைப்பு. மேல்பாதத்திலும் 1 நிட், எஸ்எஸ்கே, நடுவெல்லாம் நிட், கடைசி மூன்றில் இரண்டைச் சேர்த்து, 1 நிட். ஒரு சுற்றில் நான்கு குறையும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று இப்படி நான்கு தடவை, 16 நிற்கும். பிறகு விடாமல் இரண்டு சுற்று, 8 நிற்கும்.

முதல் ஊசியின் இரண்டையும் நிட் செய்து உள்ளங்காலின் நான்கையும் ஒரே ஊசிக்குக் கொண்டுவந்து, நூலை ஒரு முழம் விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, முன்னும் பின்னும் நான்கு நான்காக வைத்துத் தைக்க வேண்டும். இதற்குக் கிச்சனர் தையல் என்று பெயர், முதல் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் பெயரில். தொடக்கமாக முன்ஊசியின் முதல் கண்ணியில் பர்ல் போலவும் பின்ஊசியின் முதல் கண்ணியில் நிட் போலவும் விட்டு, கழற்றாமல் இழுங்கள். அப்புறம் மந்திரம்: முன்னால் நிட் கழற்று, பர்ல் விட்டுவை, பின்னால் பர்ல் கழற்று, நிட் விட்டுவை. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். நடுவில் போன் எடுத்தால் அவ்வளவுதான்.

அலுப்பாக இருந்தால் எட்டுக் கண்ணிக்குள்ளும் நூலை விட்டுச் சுருக்குப்பை மாதிரி இழுத்து முடிந்துவிடுங்கள். குழந்தை சாக்ஸில் யாரும் பார்க்கப் போவதில்லை.

விரல் என்றதும் ஒன்று. பெரியம்மா குளிர்காலத்தில் கட்டைவிரல் தனியாகப் பிரிந்த சாக்ஸ் போட்டு அதன் மேல் செருப்பு மாட்டிக்கொள்வார், நாங்கள் கிண்டல் செய்வோம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எகிப்தின் ஆக்சிரிங்கஸில் தோண்டி எடுத்த ஒரு ஜோடி சிவப்புக் கம்பளி சாக்ஸ் இருக்கிறது. வயது சுமார் 1,600 வருடம் அல்லது அதற்கும் மேல். அதிலும் கட்டைவிரல் தனி, செருப்பு போடத்தான். ஆனால் அது இப்படி ஊசிகளில் பின்னியது இல்லை, ஒற்றை ஊசியால் முடிச்சு முடிச்சாகச் செய்தது. படத்தைக் காட்டியதிலிருந்து பெரியம்மா எங்களை மதிப்பதில்லை.

பின்சேர்க்கை 1: மூன்று பேர் ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்கள், ஊசி மாறும் இடத்தில் ஏணிப்படி மாதிரி கோடு விழுகிறது என்று. புது ஊசியில் முதல் கண்ணியை இறுக்கினால் போதாது, இரண்டாவது கண்ணியைப் பின்னிய பிறகு நூலை ஒரு இழுப்பு இழுங்கள். முதல் கண்ணி அதில்தான் இறுகும்.

பின்சேர்க்கை 2: "நல்ல பக்கம் உள்ளே போய்விட்டது" என்று ஒருவர் எழுதியிருந்தார். வட்டத்தின் தூரத்து விளிம்பில் பின்னியிருக்கிறீர்கள். பிரிக்க வேண்டாம், உள்ளே கையை விட்டுப் புரட்டுங்கள், உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் விளிம்பில் தொடருங்கள்.

பின்சேர்க்கை 3: முதல் சாக்ஸை முடித்த அன்றே இரண்டாவதற்குக் கண்ணி போட்டுவிடுங்கள். ஒரு வாரம் விட்டால் உங்கள் கை இறுக்கம் மாறிவிடும். சுற்று எண்ணிக்கையைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வையுங்கள். என் முதல் ஜோடியில் ஒன்று இன்னொன்றைவிட ஆறு சுற்று நீளம்.

பின்சேர்க்கை 4: துவைப்பது பற்றி எழுதாமல் விட்டது என் தப்பு. லேபிளில் சூப்பர்வாஷ் என்று இல்லாத கம்பளியை வாஷிங் மெஷினில் வெந்நீரில் போடாதீர்கள், சுருங்கி அட்டை மாதிரி ஆகிவிடும். பச்சைத் தண்ணீரில் அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் படுக்க வைத்துக் காயவிடுங்கள். இரண்டாவது ஜோடியை அக்கா மெஷினில் போட்டுவிட்டாள். அதை இப்போது அவள் மகளின் கரடி பொம்மை போட்டுக்கொண்டிருக்கிறது. குதிகால் மட்டும் கச்சிதமாகப் பொருந்துகிறதாம்.