தீவனத் தட்டுப்பாடு வரும் முன்பே மண் சொல்லிவிடும்

மாதவரம், செங்குன்றம் பக்கம் மாடு வளர்ப்பவர்கள் வானத்தோடு மண்ணையும் பார்த்து வர வேண்டும். புல் பச்சையாகத் தெரியும்போதே வேருக்கடியில் ஈரம் வற்றத் தொடங்கியிருக்கும்.

வாரம் ஒருமுறை தீவன நிலத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டி, ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்துங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் போதும். பொலபொலவென்று உதிர்ந்தால் உடனே தண்ணீர் பாய்ச்சுங்கள். மணல் நிலத்தில் உருண்டை சரியாகப் பிடிக்காது. விரலில் ஈரம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். தேதி போட்டு எழுதியும் வையுங்கள், மண் எவ்வளவு வேகமாகக் காய்கிறது என்பது அதில்தான் தெரியும்.

அப்புறம், வானிலைத் துறையின் மேக்தூத் செயலி. மாவட்ட வாரியாக வானிலையும் வேளாண் ஆலோசனையும் தமிழிலேயே வரும். செவ்வாய், வெள்ளி தவறாமல் பாருங்கள்.

சென்னைக்குப் பெரும்பகுதி மழை அக்டோபர் முதல் டிசம்பருக்குள்தான். அது குறைந்துபோனால் மே மாதம் வரை காத்திருக்காதீர்கள். சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் மலிவாகக் கிடைக்கும்போதே வாங்கிப் போர் போடுங்கள். பால் வற்றிய மாடுகளை விற்பதென்றாலும் அப்போதே விற்றுவிடுங்கள். எல்லோரும் சந்தைக்கு ஓட்டி வந்தால் விலை படுத்துவிடும்.