காசு கட்டிப் பாட்டுக் கேட்கும் ஆப்: முதல் நாளே செய்ய வேண்டியவை

பாட்டுக் கேட்கும் ஆப்புக்கு மாதாமாதம் சந்தா கட்டுகிறவர்கள் பலர், "விளம்பரம் வருவதில்லை, அது போதும்" என்று அதோடு நின்றுவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. பாட்டைப் போனிலேயே இறக்கி வைத்து நெட் இல்லாத இடத்தில் கேட்பது, ஒலித்தரத்தை நாமே முடிவு செய்வது, இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் நாம் காசு கட்டுகிறோம். இரண்டுமே தானாக நடக்காது. முதல் நாள் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து சில விஷயங்களைச் சரிசெய்துவிட வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

எந்தச் சேவை?

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக், அமேசான் மியூசிக் என்று பெரிய சேவைகள் சில இருக்கின்றன. பிரபலமான பாட்டுகள் பெரும்பாலும் எல்லாவற்றிலும் கிடைக்கும். வித்தியாசம் தெரிவது உங்களுக்கே உங்களுக்கென்று பிடித்த, அதிகம் பேர் தேடாத பாட்டுகளில்தான். அப்படிப் பத்துப் பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இலவசக் கணக்கிலோ சோதனைக் காலத்திலோ தேடிப் பாருங்கள். அதிகம் எங்கே கிடைக்கிறதோ அதுவே உங்களுக்கான சேவை. ஆப்பிள் மியூசிக்கில் விளம்பரத்தோடு கேட்கும் இலவசத் திட்டம் கிடையாது. ஆனால் ஆண்ட்ராய்டு போனிலும் அது வேலை செய்யும். யூடியூப் பிரீமியம் ஏற்கெனவே வைத்திருக்கிறீர்கள் என்றால் யூடியூப் மியூசிக் அதற்குள்ளேயே வந்துவிடும், தனியாகக் கட்ட வேண்டாம்.

வீட்டில் நாலு பேர் கேட்பீர்கள் என்றால் குடும்பத் திட்டம் எடுங்கள். ஆப்பிள் மியூசிக்கில் 6 பேர் வரை சேரலாம், ஆளுக்கொரு தனிக் கணக்கு கிடைக்கும். ஸ்பாட்டிஃபையில் எல்லோரும் ஒரே முகவரியில் வசிக்க வேண்டும் என்பது விதி. தனிநபர் சந்தா ஒன்றை எடுத்து, அதன் கடவுச்சொல்லை ஆளாளுக்குக் கொடுத்துப் பார்த்தீர்களானால் ஒருவர் பாட்டைப் போட்டதும் இன்னொருவருக்கு நின்றுபோகும்.

கணக்கும் கட்டணமும்

ஆப்பை பிளே ஸ்டோரிலிருந்தோ ஆப் ஸ்டோரிலிருந்தோ மட்டும் இறக்குங்கள். சந்தா இல்லாமலே எல்லாம் கிடைக்கும் என்று வெளியில் சுற்றுகிற கோப்புகளைப் போனில் ஏற்றாதீர்கள். உங்கள் கடவுச்சொல் யார் கைக்குப் போகிறது என்று தெரியாது.

உள்ளே நுழையும்போது, கூகுள் கணக்கு வழியாகவா, ஆப்பிள் கணக்கு வழியாகவா, மின்னஞ்சல் வழியாகவா என்று ஆப் கேட்கும். எந்த வழியைத் தொட்டீர்கள் என்று ஒரு இடத்தில் குறித்து வையுங்கள். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் "காசு கட்டிவிட்டேன், இன்னும் விளம்பரம் வருகிறதே" என்று புலம்புகிறவர்களிடம் விசாரித்தால் பல சமயம் காரணம் இதுவாகத்தான் இருக்கும். பணம் கட்டியது ஒரு மின்னஞ்சலில் திறந்த கணக்கு. புதுப் போன் வாங்கியதும் வேறு வழியில் நுழைந்திருப்பார்கள். ஆப் சத்தமில்லாமல் அவர்களுக்கு இரண்டாவதாக ஒரு இலவசக் கணக்கைத் திறந்துகொடுத்திருக்கும். பிளேலிஸ்ட் எல்லாம், அதாவது நாம் சேர்த்து வைத்த பாட்டுப் பட்டியல்கள், காணாமல் போனதாகத் தோன்றும். உண்மையில் அவை பழைய கணக்கில் பத்திரமாக இருக்கும். வெளியேறி, முதலில் வந்த வழியிலேயே மறுபடி நுழைந்தால் சரியாகிவிடும்.

பணம் எங்கே கட்டினீர்கள் என்பதையும் அதே இடத்தில் எழுதி வையுங்கள்: பிளே ஸ்டோர் வழியாகவா, ஆப் ஸ்டோர் வழியாகவா, சேவையின் இணையதளத்திலா? நிறுத்த வேண்டிய நாளில் அங்கேதான் போக வேண்டும். இலவசச் சோதனைக் காலம் கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே அது முடிவதற்கு இரண்டு நாள் முன்னதாகப் போன் காலண்டரில் ஒரு நினைவூட்டல் போடுங்கள். சந்தாக்கள் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். ஆப்பிள் வழியாக எடுத்த சோதனைக் காலத்தை, முடிவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்துவிட வேண்டும்.

ஒலித்தரம்: கொஞ்சம் கணக்குப் போடுவோம்

செட்டிங்ஸுக்குள் ஆடியோ குவாலிட்டி என்பது போல ஒரு பகுதி இருக்கும். அதில் லோ, நார்மல், ஹை, வெரி ஹை என்று இருப்பதைப் பார்த்துப் பலர் பயந்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும்.

ஒரு விநாடிப் பாட்டுக்கு எவ்வளவு டேட்டா செலவாகிறது என்பதுதான் இந்தத் தர அளவு. ஸ்பாட்டிஃபையில் நார்மல் என்றால் விநாடிக்கு 96 கிலோபிட், ஹை என்றால் 160, வெரி ஹை என்றால் 320. எட்டு பிட் ஒரு பைட். ஆகவே 320ஐ எட்டால் வகுத்தால் விநாடிக்கு 40 கிலோபைட், நிமிடத்துக்கு 2.4 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 144 எம்பி. நார்மலில் அதே ஒரு மணி நேரத்துக்கு 43 எம்பிதான். தினமும் இரண்டு மணி நேரம் வெளியில் கேட்கிறவருக்கு மாதத்தில் இது சுமார் 8.6 ஜிபிக்கும் 2.6 ஜிபிக்கும் உள்ள வித்தியாசம்.

இதற்கு மேல் லாஸ்லெஸ் என்று ஒன்று உண்டு. ஆப்பிள் மியூசிக்கில் 2021 முதல் இருக்கிறது. சிடியில் இருக்கும் ஒலியை, ஒரு துளியும் வெட்டாமல் அப்படியே தருவது. சுருக்காத சிடி ஒலி விநாடிக்கு 1,411 கிலோபிட், மணிக்கு 635 எம்பி. லாஸ்லெஸ் முறையில் சுருக்கிய பிறகு ஏறக்குறைய பாதியாகும் என்றாலும் மொபைல் டேட்டாவுக்கு அது பெரிய சுமை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வழக்கமான ப்ளூடூத் இயர்போன், போனிலிருந்து வரும் ஒலியை மறுபடி சுருக்கித்தான் காதுக்குக் கொண்டுவரும். ஒயர் வைத்த நல்ல ஹெட்போன் இல்லாமல் லாஸ்லெஸ் வைப்பதில் பயன் குறைவு.

நான் எல்லோருக்கும் வைத்துக்கொடுப்பது இப்படி: வைஃபையில் கேட்க வெரி ஹை, மொபைல் டேட்டாவில் கேட்க நார்மல், டவுன்லோடுக்கு வெரி ஹை. மூன்றும் தனித்தனி வரிகளாக இருக்கும், ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மொபைல் டேட்டாவில் டவுன்லோட் செய்யலாமா என்று கேட்கும் பொத்தானை அணைத்து வையுங்கள்.

டவுன்லோட்

சந்தாவின் உயிரே இதுதான். நிதானமாகச் செய்வோம்.

முதலில் ஒரு பிளேலிஸ்ட் உருவாக்குங்கள். "பயணம்" என்று பெயர் வைத்து 30 பாட்டுச் சேருங்கள். பாட்டின் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டால் பிளேலிஸ்ட்டில் சேர்க்கும் வழி வரும். பிறகு அந்தப் பிளேலிஸ்ட்டைத் திறங்கள். பெயருக்குக் கீழே, கீழ்நோக்கிய அம்புக்குறி ஒன்று இருக்கும். அதைத் தொடுங்கள். இனிமேல்தான் கவனிக்க வேண்டும். அம்புக்குறியைத் தொட்டதுமே வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், வரிசையில் நிற்கத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஸ்பாட்டிஃபையில் ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே குட்டியாக ஒரு பச்சை அம்பு வரும். கடைசிப் பாட்டுவரை உருட்டிப் பார்த்து, எல்லாவற்றிலும் அது வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு ராத்திரி பஸ் பயணத்துக்கு முன்னால், செருப்பை மாட்டிக்கொண்டே 60 பாட்டுள்ள ஒரு பட்டியலில் அம்பைத் தட்டிவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன். பேட்டரி சேமிப்பு ஓடிக்கொண்டிருந்ததால் திரை அணைந்ததும் ஆப்பும் உறங்கிவிட்டது. சிக்னல் போன பிறகு திறந்து பார்த்தால் வந்திருந்தது ஏழே பாட்டு. அந்த ஏழையும் விடியும்வரை திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஆகவே டவுன்லோட் நடக்கும்போது சார்ஜரில் போடுங்கள், பேட்டரி சேமிப்பை அணையுங்கள், ஆப்பைத் திரையிலேயே விட்டுவையுங்கள். பாட்டு ஓடும்போது திரை அணைந்ததும் நின்றுபோகிறது என்றாலும் இதே காரணம்தான். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.

முடிந்ததும் ஏரோப்ளேன் மோடு போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மூன்று நான்கு பாட்டுகளைத் தட்டிப் பாருங்கள். பாடினால் கிளம்பலாம்.

இடம் எவ்வளவு பிடிக்கும்? வெரி ஹை தரத்தில் நாலு நிமிடப் பாட்டு ஒன்று 9.6 எம்பி. நூறு பாட்டுக்குச் சுமார் 1 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். மெமரி கார்டு போட்ட ஆண்ட்ராய்டு போனில், ஸ்பாட்டிஃபை சேமிக்கும் இடத்தைக் கார்டுக்கு மாற்றலாம். ஒரு சாதனத்தில் 10,000 பாட்டு, மொத்தம் 5 சாதனங்கள் என்பது ஸ்பாட்டிஃபையின் வரம்பு. அப்புறம், 30 நாளுக்கு ஒரு முறையாவது போன் நெட்டில் இணைய வேண்டும், இல்லையென்றால் இறக்கிய பாட்டுகள் போய்விடும். யூடியூப் மியூசிக்கிலும் இப்படித்தான். சந்தா உயிரோடு இருக்கிறதா என்று அப்போதுதான் ஆப் சரிபார்க்கும். இந்தக் கோப்புகள் பூட்டிய கோப்புகள் என்பதையும் மனதில் வையுங்கள். பென் டிரைவில் போட்டுக் காரில் கேட்க முடியாது.

ஆப்புக்கு உங்கள் ரசனையைப் பழக்குவது

பிடித்த பாட்டுகளில் இதயத்தையோ கூட்டல் குறியையோ தவறாமல் தட்டுங்கள். ஒரு வாரத்தில் ஆப் காட்டும் பரிந்துரைகள் உங்கள் பக்கம் திரும்புவது தெரியும். அதே வேகத்தில் அது கெட்டும் போகும். குழந்தையைத் தூங்கவைக்க ஒரே தாலாட்டை ஒரு மாதம் போட்டால், முகப்பு முழுக்கத் தாலாட்டாக வந்து நிற்கும். அந்த மாதிரி நேரங்களில் ஸ்பாட்டிஃபையில் பிரைவேட் செஷன் என்பதைப் போட்டுக்கொள்ளுங்கள். யூடியூப் மியூசிக்கில், கேட்ட பாட்டுகளின் வரலாற்றைப் பதிவதை நிறுத்திவைக்கும் பொத்தான் இருக்கிறது.

தேடும்போது கிடைக்கவில்லையா? ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக எழுத்துக்கூட்டிப் பாருங்கள், தமிழிலேயே அடித்தும் பாருங்கள். பாட்டின் பெயர் மறந்திருந்தால் ஞாபகத்தில் இருக்கும் வரியைத் தட்டினாலே பல நேரம் வந்துவிடும்.

படுத்துக்கொண்டு கேட்கிறவர்களுக்கு, குறித்த நேரத்தில் பாட்டைத் தானாக நிறுத்தும் ஸ்லீப் டைமர் உண்டு. பாட்டு ஓடும் திரையில், கடிகாரம் போன்ற குறியிலோ மூன்று புள்ளிகளுக்குள்ளோ இருக்கும். ஒரு பாட்டின் வாலும் அடுத்ததின் தலையும் கலந்து வரும் கிராஸ்ஃபேட் வசதியைக் கச்சேரிப் பதிவுகள் கேட்கிறவர்கள் பூஜ்யத்தில் வையுங்கள். கைதட்டல் அடங்கும் அந்த நேரமும் கச்சேரிதான், அதை அடுத்த பாட்டு மிதிக்கக் கூடாது.

நிறுத்த நினைத்தால்

ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. ஒரு சேவையில் நானும் அப்படி நினைத்து அழித்துவிட்டு, மூன்று மாதம் பணம் போன பிறகுதான் வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திகளைக் கவனித்தேன்.

பிளே ஸ்டோரில் கட்டியிருந்தால், அதைத் திறந்து மேலே உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போங்கள். ஐபோனில் செட்டிங்ஸ் திறந்து உங்கள் பெயரைத் தொட்டு சப்ஸ்கிரிப்ஷன்ஸ் போங்கள். இணையதளத்தில் கட்டியிருந்தால் பிரவுசர் வழியாக நுழைந்து கணக்குப் பக்கத்தில் ரத்து செய்யுங்கள். ஸ்பாட்டிஃபையில் சந்தா முடிந்த பிறகும் பிளேலிஸ்ட்டுகள் இலவசக் கணக்கில் இருக்கும், டவுன்லோட் மட்டும் போய்விடும். வேறு சேவைக்கு மாறுகிறவர்கள், பழைய சந்தா இருக்கும்போதே சவுண்டீஸ் போன்ற கருவி வழியாகப் பட்டியல்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

ரத்து பொத்தானை அழுத்திய பிறகும் "உறுதிதானா?" என்று இரண்டு மூன்று திரைகள் வரும். பாதியில் மூடிவிடாதீர்கள். எந்தத் தேதியோடு சந்தா முடிகிறது என்று ஆப் எழுதிக் காட்டும்வரை போங்கள், அந்தத் திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.