செயற்கை அடிவானம் மெல்லச் சாயும்போது: செஸ்னா 172-இல் ஒரு பயிற்சி

செஸ்னா 172 என்னும் சிறிய விமானத்தில், விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவியான செயற்கை அடிவானம் பழுதானால் அதைக் கண்டுகொண்டு சமாளிப்பது எப்படி என்பதை, கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் பயிற்சியைத் தொடங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பயிற்றுநர் அருகில் இல்லாமல் மேகத்துக்குள் நுழைய வேண்டாம். வானொலி நடைமுறைகளையும் வரைபடங்களையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள் என்று கொள்கிறேன்.

முதலில், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும்போதே சோதியுங்கள். இடப்புறம் திரும்பினால், திருப்பத்தைக் காட்டும் கருவியான டர்ன் கோஆர்டினேட்டரில் சின்ன விமானப் படம் இடப்பக்கம் சாய வேண்டும், அதிலுள்ள பந்து வலப்பக்கம் நகர வேண்டும், செயற்கை அடிவானம் ஏறத்தாழ நிலையாக நிற்க வேண்டும். செயற்கை அடிவானத்துக்குள் இருக்கும் ஜைரோ என்னும் சுழலியைச் சுழல வைப்பது வாக்குவம் பம்பின் உறிஞ்சல்தான்; அதைக் காட்டும் வாக்குவம் அளவியின் முள் பச்சைப் பகுதிக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, மேகத்துக்குள் பார்வை செயற்கை அடிவானத்திலிருந்து உயரமானிக்கும், திரும்ப அடிவானத்துக்கும், பிறகு திசைகாட்டிக்கும் என்று ஓயாமல் சுற்றி வர வேண்டும்.

நான் தடுமாறியது இதற்கடுத்த படியில். கலிபோர்னியாவில் பயிற்சி பெற்றபோது பயிற்றுநர் கருவியை மூடிக் காட்டுவார். பழுது எது என்பது உடனே தெரிந்துவிடும். ஆனால் சிமுலேட்டரில் வாக்குவம் பம்ப் நின்றபோது, ஜைரோ வேகம் குறையக் குறைய அடிவானம் மெல்லச் சாய்ந்தது. நானும் அதை நேராக்குவதாக எண்ணி விமானத்தையே சாய்த்துக்கொண்டு போனேன். சீரான திருப்பம் 20 நொடி அளவுக்கு நீடித்தால் உட்செவித் திரவம் அதனுடன் இணைந்துவிடுவதால், நேராகப் பறப்பதாகவே உடல் உணர்கிறது.

ஆகவே டர்ன் கோஆர்டினேட்டரைப் பார்வைச் சுற்றிலிருந்து ஒருபோதும் விடாதீர்கள். அது பெரும்பாலான 172-களில் மின்சாரத்தில் இயங்குவதால் பம்ப் நின்றாலும் உழைக்கும். அதுவும் காந்தத் திசைகாட்டியும் ஒன்றைச் சொல்ல, அடிவானம் வேறொன்றைக் காட்டினால், அடிவானத்தை மூடிவிடுங்கள். நான் ஒட்டிய காகிதம் விழுந்துவிட்டது. உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ரப்பர் மூடியே மேல்.

பின்னர், சின்ன விமானத்தின் இறக்கையைத் திருப்பக் குறியில் நிறுத்தி, நொடிக்கு 3 பாகையாகக் கணக்கிட்டுத் திரும்புங்கள். 30 பாகைக்கு 10 நொடி. திரும்பும்போது காந்தத் திசைகாட்டி பிழை காட்டும் என்பதால், இறக்கைகள் சமமான பிறகே அதைப் படியுங்கள். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரிடம் உடனே சொல்லுங்கள். கேட்டால் எப்போது திரும்பத் தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று ராடாரைப் பார்த்து அவரே சொல்வார்.

பின்சேர்க்கை: ஜி1000 என்னும் மின்னணுக் கருவித் திரை கொண்ட விமானத்தை ஓட்டும் நண்பர் ஒருவர், இது தமக்கும் பொருந்துமா என்று கேட்டார். அங்கே முதன்மைத் திரைக்கு வாக்குவம் பம்ப் தேவையில்லை. ஆனாலும் திரையை மாற்றுக் கருவிகளோடு ஒப்பிடும் பழக்கத்தை அவரும் விடக்கூடாது.