கதைக்காகவே கேம் ஆடுபவரா? ஆன்லைன் ஆர்பிஜி உங்களுக்கு ஒத்துவருமா என்று கண்டுபிடிக்கும் வழி

தனியாக உட்கார்ந்து ஆடும் கதை கேம்களில் ஊறிப்போனவர்களுக்கு என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி வரும். ‘தி விட்சர் 3’ முடித்தாயிற்று. ‘பால்டர்ஸ் கேட் 3’ இரண்டு முறை முடித்தாயிற்று. அடுத்து என்ன? நண்பர் ஒருவர் ஏதோ ஓர் ஆன்லைன் ஆர்பிஜியின் (ஆளுக்கொரு கேரக்டரை வளர்த்தபடி, பலர் இணையம் வழியே ஒரே உலகில் ஆடும் கேம்) பெயரைச் சொல்லி, “இதுல இருக்கிற கதை மாதிரி வேற எதுலயும் கிடையாது” என்கிறார். நம்பி இறக்கிப் பார்த்தால் முதல் மூன்று மணி நேரமும் பத்து ஓநாயைக் கொல், ஐந்து மூலிகையைப் பறி, இந்தக் கடிதத்தை அந்த ஊர்த் தலைவரிடம் கொடு என்றே போகிறது.

நண்பர் பொய் சொல்லவில்லை. கதை உள்ளேதான் இருக்கிறது. அது எங்கே, எந்த வடிவில் இருக்கிறது, நமக்குப் பிடித்த வகைக் கதைதானா என்று பார்க்காமல் நுழைந்துவிடுகிறோம். இந்த வகை கேம்கள் நூறு மணி நேரத்துக்கு மேல் கேட்பவை. அதனால் முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பது நல்லது. நான் செய்யும் முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: ‘கதை’ என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. ஒரு தாளை எடுங்கள். நீங்கள் மிகவும் ரசித்து முடித்த மூன்று கதை கேம்களின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும், யோசிக்காமல், முதலில் நினைவுக்கு வரும் காட்சியை ஒரே வரியில் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு அந்த மூன்று வரிகளையும் பாருங்கள்.

“அந்த ஆளை உயிரோடு விட்டேன், அதனால் கடைசியில் அவன் எனக்காக வந்து நின்றான்” என்பது போன்ற வரிகள் இருந்தால், உங்களைப் பிடித்து வைத்திருப்பது தேர்வு. உங்கள் சொல்லுக்குக் கதை வளைந்துகொடுக்க வேண்டும். ஆன்லைன் ஆர்பிஜிகளில் கிடைப்பதற்கு மிக அரிதானது இதுதான். விதிவிலக்காக ‘ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்’ இருக்கிறது. பயோவேர் உருவாக்கி 2011 டிசம்பரில் வெளிவந்த கேம் இது. இதில் எட்டு வகுப்புகள் (உங்கள் கேரக்டரின் தொழில் வகை), எட்டுக்கும் தனித்தனிக் கதை. உரையாடல்களில் நீங்கள் பதிலைத் தேர்ந்தெடுப்பீர்கள், உங்கள் கேரக்டர் அதைக் குரலோடு பேசும். அதிலும் இம்பீரியல் ஏஜென்ட் என்ற உளவாளியின் கதை, தனியாகவே ஒரு கேமாக வெளியிட்டிருக்கக்கூடிய தரத்தில் இருக்கும். தேர்வுப் பிரியர்கள் வேறெங்கும் அலையாமல் நேரே அங்கே போகலாம்.

“அவர்கள் எல்லோரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசிய அந்த இரவு” என்று எழுதியிருந்தால், உங்களுக்கு வேண்டியது மனிதர்கள். முடிவு எழுத்தாளர் கையில் இருந்தாலும் பரவாயில்லை, கூட வருபவர்களோடு பழக வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு ‘ஃபைனல் ஃபேன்டசி 14’ மிகவும் பொருந்தும். அதில் நீங்கள் எந்தப் பதிலைச் சொன்னாலும் கதை ஒரே பாதையில்தான் போகும். உங்கள் நாயகன் பெரும்பாலும் வாய் திறக்க மாட்டார். ஆனால் தொடக்கத்தில் அறிமுகமாகும் தோழர்கள் ஆண்டுக்கணக்கில் உங்களோடு வளர்கிறார்கள், தவறு செய்கிறார்கள், சிலர் போய்விடுகிறார்கள். அந்த நீளத்தைத் தனிநபர் கேம் எதுவும் தர முடியாது.

“அந்தப் பாழடைந்த கோயிலில் கிடைத்த நாட்குறிப்பு” என்பது போல எழுதியிருந்தால் நீங்கள் உலகப் பிரியர். சுவரில் இருக்கும் எழுத்தையும் அலமாரியில் இருக்கும் புத்தகத்தையும் படித்துவிட்டுத்தான் நகர்வீர்கள். ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’ உங்களுக்கு. கிளைக்கதைகளில் வரும் சாதாரண விவசாயிகூடக் குரலோடு பேசுவார். எந்தத் திசையில் நடந்தாலும் யாருக்காவது ஏதாவது பிரச்சினை இருக்கும்.

நான்காவதாக ஒரு கூட்டம் உண்டு. கதை முடிய வேண்டும், கடைசி எழுத்து திரையில் ஓட வேண்டும், ஒரு பெருமூச்சு விட வேண்டும். நீங்கள் இந்த வகை என்றால் எச்சரிக்கையாக இருங்கள். ஆன்லைன் கேம் முடிவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஒரு பெரிய கதை முடிந்தவுடன் அடுத்ததற்கு விதை போட்டுவிடுவார்கள். ஃபைனல் ஃபேன்டசி 14 மட்டும் ஓரளவு மனம் வைத்தது. 2013ல் தொடங்கிய பெருங்கதையை 2021ல் வந்த ‘எண்ட்வாக்கர்’ விரிவாக்கத்தில் (பிறகு சேர்க்கப்படும் பெரிய கூடுதல் பகுதி) உண்மையாகவே முடித்துவைத்தார்கள். அதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அது முழுமையான அனுபவம்தான்.

படி 2: பொது உலகம் தரும் சங்கடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

தனிநபர் கேமில் நீங்கள் ஒரு கிராமத்தை எரித்தால் அது எரிந்ததுதான். ஆன்லைனில் அதே கிராமத்துக்கு இன்னும் பல ஆயிரம் பேர் வர வேண்டும். அதனால் நீங்கள் கொன்ற வில்லன் சில நிமிடங்களில் எழுந்து நிற்பான். “உன்னைத் தவிர இந்த உலகைக் காக்க யாருமில்லை” என்று ஒரு முனிவர் உருகும்போது, அதே வசனத்தைக் கேட்டபடி பக்கத்தில் முப்பது பேர் குதித்துக்கொண்டிருப்பார்கள்.

இதைச் சமாளிக்க கேம் செய்பவர்கள் இரண்டு வழிகளை வைத்திருக்கிறார்கள். முக்கியமான காட்சிகளை உங்களுக்கு மட்டும் திறக்கும் தனி அறைகளில் நடத்துவது ஒன்று. இதை இன்ஸ்டன்ஸ் என்பார்கள். ‘கில்ட் வார்ஸ் 2’ தன் முதன்மைக் கதையைப் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறது. இன்னொன்று, ஒரே இடத்தை ஒவ்வொருவருக்கும் அவரவர் கதை எட்டிய நிலைக்கு ஏற்ப வேறுவிதமாகக் காட்டுவது. இதை ஃபேஸிங் என்பார்கள். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ 2008 விரிவாக்கத்தில் இதைப் பெரிய அளவில் கையாண்டது.

உங்களால் அந்த முப்பது பேரைப் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று உங்களையே கேளுங்கள். சிலருக்கு அது கதையைக் கெடுக்கும். எனக்கு ஒரு மாதம் கழித்து அதுவே பிடித்துப்போனது. சோகமான காட்சி முடிந்து வெளியே வந்தபோது, அதே காட்சியைப் பார்த்துவிட்டு வந்த முன்பின் தெரியாத ஒருவர் என் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. எந்தத் தனிநபர் கேமிலும் எனக்கு அது கிடைத்ததில்லை.

படி 3: கதை முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள்

புதியவர்கள் யோசித்துக்கூடப் பார்க்காத விஷயம் இது. ஆன்லைன் கேமின் கதையிலிருந்து பக்கங்கள் கிழிக்கப்படலாம். ‘டெஸ்டினி 2’ல் 2017ல் வந்த தொடக்கக் கதையே 2020 நவம்பரில் கேமிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் பிறகு சேர்ந்தவர்கள் நடுவிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2010ல் வந்த ‘கேட்டகிளிசம்’ பழைய நிலப்பரப்பையே உருமாற்றியதால், அங்கிருந்த பல பழைய குவெஸ்ட்கள், அதாவது கேம் நமக்குத் தரும் பணிகள், போயின. கில்ட் வார்ஸ் 2 தன் ‘லிவிங் வேர்ல்ட்’ முதல் பருவத்தை வந்தபோது ஆடினால்தான் உண்டு என்று வைத்திருந்தது. பல ஆண்டுகள் கழித்து 2022ல்தான் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ‘கென்ஷின் இம்பாக்ட்’ போன்றவற்றில் முதன்மைக் கதை அப்படியே இருக்கும். ஆனால் சில வாரங்கள் மட்டும் வரும் நிகழ்வுகளில் நல்ல கதைகள் வந்து மறைந்துவிடும்.

ஆகவே தேடும்போது “கதை எப்படி?” என்று கேட்காதீர்கள். “இன்று புதிதாகச் சேர்பவர் முதல் அத்தியாயத்திலிருந்து ஆட முடியுமா?” என்று கேளுங்கள்.

அடுத்து வரிசை. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2016 அக்டோபரில் ‘ஒன் டாம்ரியல்’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. எந்த லெவலிலும் எங்கும் போகலாம். சுற்றித் திரிய அருமையான ஏற்பாடு. ஆனால் ஒரு கேரக்டரை முதன்முதலாகச் சந்திக்கும்போதே அவர் பழைய நண்பரைப் போலப் பேசக்கூடும், ஏனென்றால் அவரை நீங்கள் சந்தித்திருக்க வேண்டிய கதையை இன்னும் தொடவில்லை. இந்த கேமுக்கு மட்டும், கதைகள் வெளிவந்த வரிசையைத் தொடங்கும் முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஃபைனல் ஃபேன்டசி 14க்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு விரிவாக்கத்தின் கதையை முடிக்காமல் அடுத்ததற்குள் விடமாட்டார்கள்.

படி 4: தனியாக எவ்வளவு தூரம் போக முடியும்?

கதைப் பிரியர்களில் பலர் கூச்ச சுபாவிகள். கட்சீனை (ஆட்டம் நின்று கதை ஓடும் காட்சி) நிதானமாகப் பார்க்கும்போது கூட்டாளிகள் காத்திருப்பார்களே என்று பதறுபவர்கள். இப்போது நிலைமை நன்றாக மாறிவிட்டது. ஃபைனல் ஃபேன்டசி 14ல் முதன்மைக் கதையில் வரும், நான்கு பேர் சேர்ந்து எதிரிகளைக் கடந்து போக வேண்டிய டன்ஜன்களைக் கணினி இயக்கும் தோழர்களோடு முடிக்கலாம். இதற்கு ‘டியூட்டி சப்போர்ட்’ என்று பெயர். எட்டுப் பேரோ அதற்கு மேலோ தேவைப்படும் பெரிய சண்டைகளுக்கு மட்டும் மற்றவர்களோடு சேர வேண்டியிருக்கும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டும் 2024ல் இதே போன்ற ஏற்பாட்டைச் சில டன்ஜன்களுக்குக் கொண்டுவந்தது.

மற்றவர்களோடு சேர வேண்டிய இடம் வந்தால், நுழைந்தவுடன் சாட்டில் “முதல் தடவை, கட்சீன் பார்ப்பேன்” என்று ஒரு வரி போடுங்கள். பெரும்பாலும் காத்திருப்பார்கள்.

படி 5: பணம்

சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இலவசமாக எவ்வளவு கதை கிடைக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். ஃபைனல் ஃபேன்டசி 14ன் இலவச ட்ரையல் லெவல் 70 வரை, கால வரம்பில்லாமல், முதல் இரண்டு விரிவாக்கங்களையும் சேர்த்துத் தருகிறது. ஓல்ட் ரிபப்ளிக்கின் எட்டு வகுப்புக் கதைகளையும் காசில்லாமல் ஆடலாம். கில்ட் வார்ஸ் 2க்கு மாதச் சந்தாவே கிடையாது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் லெவல் 20 வரை இலவசம்.

ஒன்றை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். கதையைத் தாண்டிக் கொண்டுபோய்விடும் லெவல் பூஸ்ட், ஸ்டோரி ஸ்கிப் வகையறா. வேகமாக நண்பர்களோடு சேர வேண்டியவர்களுக்காக விற்கப்படுபவை அவை. நீங்கள் வந்ததே அந்தக் கதைக்காகத்தான்.

படி 6: பத்து மணி நேரச் சோதனை

இப்போது ஒரே ஒரு கேமைத் தேர்ந்தெடுத்து இறக்குங்கள். தொடங்கும் முன் அமைப்புகளுக்குள் போய்ப் பொது சாட்டை மறையுங்கள். மற்ற ஆட்டக்காரர்களின் பெயர்கள் தலைக்கு மேல் தெரிவதை அணையுங்கள். சப்டைட்டிலைப் போடுங்கள். இந்த மூன்றைச் செய்தாலே கேம் பாதி தனிநபர் கேம் போல ஆகிவிடும். கதை தொடர்பாக இணையத்தில் எதையும் தேடாதீர்கள். ஒரு கேரக்டரின் பெயரைத் தட்டினாலே அவர் இறப்பாரா என்பது வரை தெரிந்துவிடும்.

ஆடும்போது முதன்மைக் கதைக் குவெஸ்ட்களை மட்டும் பின்தொடருங்கள். அவற்றுக்குத் தனிக் குறி இருக்கும். கண்ணில் படும் ஒவ்வொரு கிளை வேலையையும் எடுத்துக்கொண்டால் கதையின் நூல் அறுந்துவிடும். புதியவர்கள் சலித்துப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

ஒரு நியாயமும் செய்ய வேண்டும். பல ஆன்லைன் கேம்களின் தொடக்கம்தான் அவற்றின் மிகப் பழைய, பலவீனமான பகுதி. ஃபைனல் ஃபேன்டசி 14ன் முதல் பகுதி மெதுவாகத்தான் நகரும். 2020ல் அவர்களே அதிலிருந்த பல குவெஸ்ட்களை வெட்டிக் குறைத்தார்கள், அப்படியும் நீளம்தான். அதனால் முதல் பத்து மணி நேரத்தில் பிரமிப்பை எதிர்பார்க்காதீர்கள். ஆர்வம் கிளம்புகிறதா என்று மட்டும் பாருங்கள்.

படி 7: மூன்று நாள் இடைவெளி

பத்து மணி நேரம் ஆன பிறகு மூன்று நாள் அந்த கேமைத் தொடாதீர்கள். நான்காம் நாள் பழைய தாளின் பின்பக்கத்தில், கேமைத் திறக்காமல், நினைவிலிருக்கும் கேரக்டர்களின் பெயர்களையும் ஒவ்வொருவரும் எதை அடையத் துடிக்கிறார் என்பதையும் எழுதுங்கள்.

மூன்று பேரையாவது இப்படி எழுத முடிந்தால், அவர்களுக்கு அடுத்து என்ன ஆகும் என்று மனம் கேட்டால், தயங்காமல் தொடருங்கள். ட்ரையலில் ஆடுகிறீர்கள் என்றால் அதன் கடைசி லெவல் வரை அதிலேயே இருங்கள். குறிப்பாக ஃபைனல் ஃபேன்டசி 14ல் ஒருமுறை காசு கொடுத்து முழுக் கணக்காக மாற்றினால் அதே கணக்கில் ட்ரையலுக்குத் திரும்ப முடியாது.

உங்கள் லெவலும் ஆயுதமும் மட்டும் நினைவுக்கு வந்தால், உங்களுக்கு கேம் பிடித்திருக்கலாம், கதை பிடிக்கவில்லை. அப்படியும் தாராளமாக ஆடலாம். கதைக்கான நேரத்தை மட்டும் வேறு கேமுக்கு ஒதுக்கிவிடுங்கள். எதுவுமே நினைவுக்கு வரவில்லையா? சரி, அழித்துவிட்டு முதல் படியில் எழுதிய மூன்று வரிகளை மறுபடி படியுங்கள். தேர்வுப் பிரியர் ஃபைனல் ஃபேன்டசி 14ஐயும், உலகப் பிரியர் ஓல்ட் ரிபப்ளிக்கையும் எடுத்து ஏமாந்துபோவது அடிக்கடி நடக்கிறது. கேமை மாற்றி இன்னொரு பத்து மணி நேரம் கொடுத்துப் பாருங்கள்.