மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு அந்தத் தலையணை வேண்டாம்

அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து மாம்பலம் வீட்டுக்குக் கூட்டிவந்ததும் நாங்கள் செய்த முதல் காரியம், முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்ததுதான். மறுநாள் வந்த பிசியோதெரபிஸ்ட் முதலில் அதைத்தான் உருவி எடுத்தார்.

முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் வலி குறையும், உண்மைதான். ஆனால் ஆபரேஷனுக்குப் பிந்தைய வாரங்களில் மூட்டுக்குள் தழும்புத் திசு வளர்கிறது. கால் எப்படி அதிக நேரம் கிடக்கிறதோ, அப்படியே இறுகும். மடங்கியே இறுகிவிட்டால் பிறகு கால் முழுதாக நீளாது; நடை விந்தும், இடுப்பும் சேர்ந்து வலிக்கும். அவர் ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். முழங்கால் அந்தரத்தில் நின்று, தன் எடையிலேயே மெல்ல நேராகிறது. முதல் நாள் அம்மாவால் ஐந்து நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் தலையணையைத் திரும்ப வைக்கவில்லை.

‘பிசியோ வருகிறார், அவர் பார்த்துக்கொள்வார்’ என்று நினைப்பதுதான் பெரிய தவறு என்பேன். அவர் இருப்பது அரை மணி நேரம். மீதி இருபத்து மூன்றரை மணி நேரம் வீட்டார் கையில். அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை அன்றே இன்னும் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும்.

வலி முழுக்கப் போன பிறகு ஆரம்பிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். வீக்கம் இருக்கும்வரை தொடையின் முன்பக்கத் தசை சரியாக வேலை செய்யாது; சும்மா விட்டால் வேகமாக இளைத்துவிடும். டாக்டர் எழுதிய வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி முன்னால் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடமே கேளுங்கள். தைலம் தேய்ப்பது, சுடுநீர் ஒத்தடம் இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். ஐஸ் பேக் போதும், அதையும் துணி சுற்றித்தான் வைக்க வேண்டும்.

லிஃப்ட் இல்லாத பழைய ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு இது முக்கியம்: படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். எழும்போது கையைப் பிடித்துத் தூக்கிவிடாமல், கைவைத்த உயரமான நாற்காலியாகப் போடுங்கள். அவரே ஊன்றி எழட்டும்.

கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு, அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்து வந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.

செலவுக்குப் பயந்து பாதியில் விடுகிறவர்கள் அநேகம். சென்னை கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.