நிலாவுக்குச் சொல் விடுகதை கட்டுவது எப்படி?

வெள்ளித் தட்டு, தேங்காய் மூடி, சுட்ட தோசை என்று உருவத்தை ஒப்பிட்டு நிலாவுக்கு விடுகதை போடுவது சுலபம். கேட்டவுடனே விடையும் வந்துவிடும். இங்கே பார்க்கப்போவது வேறு வகை. நிலாவின் பெயரையே உடைத்தோ திருப்பியோ கட்டும் விடுகதை. பள்ளி விழாவுக்கும் நூலகத்துப் பிள்ளைகள் கூட்டத்துக்கும் கரண்ட் போன ராத்திரி மொட்டைமாடிக்கும் தோதானது.

தேவையானவை: ஒரு தாள், பேனா, அமாவாசை பௌர்ணமி போட்ட தினசரி காலண்டர், சொல்லிப் பார்க்க இரண்டு பேர். முதல் விடுகதைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

படி 1: விடையை முதலில் எழுதுங்கள்

கேள்வியிலிருந்து தொடங்குகிறவர்கள்தான் பாதியில் நிற்கிறார்கள். தாளின் நடுவில் நிலாவின் பெயர்களை எழுதுங்கள்: நிலா, நிலவு, மதி, திங்கள், பிறை, அம்புலி, சந்திரன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது என்று குறியுங்கள். திங்கள் என்றால் மாதம், ஒரு கிழமையும்கூட. மதி என்றால் அறிவு. அம்புலிக்கு எதுவும் தேறாது, அடித்துவிடுங்கள். சந்திரன் பக்கத்து வீட்டுக்காரர் பெயராக இருந்தால்தான் உதவும்.

படி 2: உடைக்கும் இடத்தைத் தேடுங்கள்

'நிலா'வை எடுத்துக்கொள்வோம். வேறு பொருள் இல்லாத சொல், ஆனால் எழுத்தில் ஒரு வசதி இருக்கிறது. கடைசியில் நிற்கும் துணைக்காலை எடுத்தால் மிஞ்சுவது 'நில'. அதோடு 'ம்' சேர்த்தால் நிலம். வானத்தில் இருந்தது மண்ணுக்கு வந்துவிட்டது.

முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

கால் இருந்தால் வானத்தில், கால் இல்லாவிட்டால் பூமியில். நான் யார்?

படிக்க நன்றாக இருக்கிறது, கணக்குத்தான் உதைக்கிறது. காலை எடுத்தால் 'நில' என்றுதானே நிற்கும்? 'ம்' எங்கிருந்து வந்தது என்று நான்காம் வகுப்புப் பிள்ளை கேட்டால் பதில் கிடையாது. சொல் விடுகதையில் ஒவ்வொரு எழுத்துக்கும் கணக்கு காட்ட வேண்டும். திருத்திய வடிவம்:

கால் இருக்கும்வரை வானத்தில் உலாத்துவேன்.
காலைப் பறித்து 'ம்' கொட்டினால்
உன் காலடியில் கிடப்பேன்.

இப்போது 'ம்' வந்துவிட்டது, அதுவும் கதை கேட்கும்போது கொட்டுகிற 'ம்' ஆக ஒளிந்து வந்திருக்கிறது. 'காலை' என்றதும் சிலருக்கு விடியற்காலை நினைவுக்கு வரும். விடிந்தால் நிலா மங்கும் என்பதால் அந்தத் தடமும் பொருந்துகிற மாதிரியே இருந்து ஏமாற்றும். ஒரு சொல்லில் இலவசமாகக் கிடைத்த பொறி, அதை விடாதீர்கள்.

படி 3: ஒரே சொல், மூன்று ஆள்

அடுத்தது 'திங்கள்'. இதை உடைக்கவே வேண்டாம். சொல்லைப் பிரிக்காமல் பல பொருள் தருவதைச் செம்மொழிச் சிலேடை என்பார்கள், பிரித்துப் பொருள் தருவதைப் பிரிமொழிச் சிலேடை என்பார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி கொடுங்கள். வரிக்குள் நம் ஊர் இருந்தால் பிள்ளைகள் சட்டென்று உள்ளே வருவார்கள்:

போச்சம்பள்ளிச் சந்தை கலைந்த மறுநாள் வருவேன்.
காலண்டரில் பன்னிரண்டு பேராய் நிற்பேன்.
பாதி நாள் வளர்வேன், பாதி நாள் தேய்வேன்.
மூன்று பேருக்கும் ஒரே பெயர்.

போச்சம்பள்ளியில் ஞாயிறுதான் சந்தை, அதனால் முதல் வரி திங்கட்கிழமை. இரண்டாவது மாதம். மூன்றாவது நிலா. கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கேட்பவர் ஒரே ஆளைத் தேடிக் குழம்புவார்.

இரண்டாம் வரியில் ஒரு வழுக்கல் உண்டு. 'வருசத்துக்குப் பன்னிரண்டு தரம் முழுசாவேன்' என்று நிலாவுக்கே அதைக் கொடுத்துவிடத் தோன்றும். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் சுமார் 29.5 நாள். 12 சுற்றுக்கு 354 நாள்தான் ஆகும், மீதி 11 நாள் இடிக்கும். அதனால் சில வருசம் 13 பௌர்ணமி வரும், 2023-ல் வந்த மாதிரி. பன்னிரண்டு மாதத்துக்கு மட்டும்தான் சொந்தம்.

கை பழகியபின் சின்னதாக இரண்டு:

பரீட்சைத் தாளில் சிவப்பு மையில் இறங்கும் நிலாப்பெண் யார்? (மதிப்பெண். மதிப்பு + எண் என்பது இலக்கணம், மதி + பெண் என்பது நம் குறும்பு.)

வானிலை அறிக்கையில் பட்டப்பகலிலும் வருகிற நிலா எது? ('கடும் வெப்பம் நிலவும்'.)

எங்கே சொதப்பும்?

காதில் மட்டும் ஒத்துப்போகும் சொற்கள். வானத்துப் பிறையும் பாலுக்கு ஊற்றுகிற பிரையும் பேச்சில் ஒன்றுபோலக் கேட்கும். 'அமாவாசை கழித்து வந்தால் கும்பிடுவார்கள், பாலில் விழுந்தால் தயிராக்குவேன்' என்று வாயால் கேட்டால் எடுபடும். கரும்பலகையில் விடையை எழுதப்போனால் எந்த ர, ற என்று மாட்டிக்கொள்வீர்கள். கோன் ஐஸில் உட்கார்ந்த 'வெனிலா'வை வெண்ணிலா ஆக்குவதும் இதே கதைதான். இவற்றை வாய்மொழிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிலா–நிலம் இதற்கு நேர்மாறு: துணைக்கால் தெரிந்தவருக்குத்தான் விளங்கும், எழுதப் பழகாத பாட்டியிடம் போட்டுப் பயனில்லை.

வானத்துத் தப்பு. வளர்பிறைக் கீற்று பொழுது சாய்ந்தபின் மேற்கே தெரிந்து சீக்கிரமே மறையும். தேய்பிறைக் கீற்று விடிவதற்கு முன் கிழக்கே. நடுராத்திரியில் உச்சியில் மெல்லிய பிறை நிற்கவே நிற்காது. பகலில் நிலாவே தெரியாது என்றும் எழுதாதீர்கள், அஷ்டமியை ஒட்டிய நாட்களில் பகலிலேயே வெளுத்துத் தெரியும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் காட்டில் யானைக்குக் காவல் இருந்தவர் யாராவது கூட்டத்தில் இருந்தால் உடனே பிடித்துவிடுவார்.

மொழி. ஓசூர், வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. 'மதி' என்றால் அவர்களுக்கு அறிவுதான் தோன்றும், நிலா தோன்றாது. திங்கள் விடுகதை அங்கே ஓரளவு பிழைக்கும். கன்னடத்தில் திங்களு என்றால் மாதம், பெளதிங்களு என்றால் நிலவொளி. தெலுங்கில் நெல என்றால் மாதம், நெலவங்க என்றால் பிறை. மாதத்துக்கும் நிலாவுக்கும் உள்ள உறவு மூன்று மொழியிலும் இருக்கிறது. கிழமை வரியில்தான் இடறும், அவர்களுக்கு அது சோமவாரம். ஒரு பிள்ளை அப்படிச் சொன்னால் தப்பு என்று ஒதுக்காமல் பாதி மார்க் கொடுங்கள். சோமனும் நிலாதான்.

படி 4: சொல்லிப் பாருங்கள்

ஒருவரிடம் வாயால் சொல்லுங்கள், இன்னொருவருக்கு எழுதிக் காட்டுங்கள். ஐந்து விநாடிக்குள் விடை வந்தால் குறிப்பு மிகவும் வெளிச்சம், ஒரு வரியைக் குறையுங்கள். விடையைச் சொன்னபிறகும் 'எப்படி?' என்று கேட்டு, நீங்கள் ஒரு வாக்கியத்துக்கு மேல் விளக்க வேண்டி வந்தால் படி 2-க்குத் திரும்புங்கள். எங்கோ ஓர் எழுத்து கணக்கில் வரவில்லை.

நிலா–நிலம் விடுகதையைச் சொல்லும்போது 'ம்' என்பதை வாயை மூடி, கதைக்கு 'ம்' கொட்டுகிற மாதிரியே இழுத்துச் சொல்லுங்கள். 'இம்' என்று எழுத்தின் பெயரைச் சொன்னால் முன்வரிசைப் பையன் அங்கேயே பிடித்துவிடுவான்.